கரைமேல் நடப்போர் காக்கும் நீர்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பாதை. ராஜஸ்தானத்தின் கிழக்கு எல்லையில், ஆக்ராவுக்கு மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில், பரத்பூர் என்ற பழைய கோட்டை நகரம் இருக்கிறது. அதன் ஓரத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்கா என்னும் ஈரநிலம் இருக்கிறது. அந்த ஈரநிலத்துக்குள் கால்நடையாகப் போவதற்கு மண்கரைகள் இருக்கின்றன. அந்தக் கரைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பறவைகளை விட்டுவிட்டுப் பாதையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு நீர்நிலையை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் இரண்டே விடைகள் பழக்கத்தில் உள்ளன: ஒன்று, சுவர் எழுப்பி எல்லோரையும் வெளியே நிறுத்துவது, மற்றொன்று, சாலை போட்டு எல்லோரையும் வண்டியோடு உள்ளே விடுவது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது விடை ஒன்று உண்டு. மனிதன் தன் காலால் நடந்து வரட்டும், கரையோடு நிற்கட்டும், கண்ணால் காவல் காக்கட்டும் என்பதே அது. நடப்பவர்கள் உள்ள ஈரநிலமே நிலைத்து வாழும் என்பதே என் வாதம். அதற்குப் பரத்பூரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

முதலில் அந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பரத்பூர் சமவெளியில் கம்பீர், பாணகங்கை என்று இரண்டு ஆறுகள். மழைக்காலத்தில் பெருகும், கோடையில் வற்றும். 18ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மல் காலத்தில் இந்த ஆறுகளின் வெள்ளத்தைத் தேக்க அஜான் என்ற பெரிய அணைக்கரை எழுந்தது. அருகில் இயல்பாகவே தாழ்ந்து கிடந்த நிலத்தில் வெள்ளம் பரவித் தங்கத் தொடங்கியது. பறவைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரண்மனையினர் வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, குறுக்குக் கரைகள் போட்டு, அந்தப் பள்ளத்தைப் பல பாத்திகளாகப் பிரித்தார்கள். இன்று உலகம் வியக்கும் பரத்பூர் ஈரநிலம் இப்படி உருவானது. இதில் ஒன்றை மறக்கக் கூடாது. இது தானாக விளைந்த காடு அன்று. மண் சுமந்த தலைகளும் மண்வெட்டி பிடித்த கைகளும் ஆக்கிய நீர்நிலை. மனிதன் கை பட்டுப் பிறந்த இடத்தை, மனிதன் கால் படாமல் காப்போம் என்றால் அது நடக்கிற காரியமா?

பரத்பூர் மக்களுக்கு அணைக்கரையின் அருமையை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய சரித்திரத்தையே தீர்மானித்தது கரைதான். 1805ஆம் ஆண்டில் ஆங்கிலத் தளபதி லேக் பிரபு பரத்பூரின் லோகாகர் கோட்டையை முற்றுகையிட்டார். நான்கு முறை மோதினார், நான்கு முறையும் தோற்றார். கோட்டையின் தடித்த மண்சுவரும் அதைச் சுற்றிய அகழியும் அவரைத் தடுத்தன. இருபது ஆண்டுகள் கழித்துக் காம்பர்மியர் பிரபு படையெடுத்து வந்தபோது கோட்டைச் சுவரைத் தொடும் முன்பு என்ன செய்தார் தெரியுமா? அகழிக்குத் தண்ணீர் விடும் மோதி ஜீல் ஏரியின் கரையை முதலில் கைப்பற்றினார். அகழிக்கு நீர் வரவில்லை. 1826 ஜனவரியில் கோட்டை விழுந்தது. நீரைக் கட்டியாளும் கரை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஊர் இருக்கும் என்பதைப் பரத்பூர் அன்றே கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் போருக்கு மட்டும் உரியதா? பறவைகளுக்கும் அதே பாடம்தான்.

இப்போது அந்தப் பாதைக்கு வருவோம். பூங்காவின் வாயிலிலிருந்து கேவலாதேவ் சிவன் கோயில் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நடுச்சாலை செல்கிறது. அதன் இருபுறமும் கிளை பிரியும் மண்பாதைகள் எல்லாம் பாத்திகளைப் பிரிக்கும் கரைகளே. நீரைத் தடுத்து நிறுத்தும் மேடும் நாம் காலூன்றி நடக்கும் வழியும் இங்கே ஒன்றுதான். ஒரு மதகருகில் நின்று பாருங்கள். இந்தப் பக்கப் பாத்தியில் தண்ணீர் ஓர் ஆள் முழங்கால் மட்டும். அந்தப் பக்கத்தில் இடுப்பளவு. முழங்கால் நீரில் மஞ்சள் மூக்கு நாரை அலகை அரைவாசி திறந்து நீருக்குள் விட்டு, ஒரு காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நகரும். மிரண்டு ஓடும் மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். அது கண்ணால் தேடிப் பிடிப்பதில்லை, தொட்டுணர்ந்து பிடிக்கிறது. அடுத்த பக்கத்து ஆழநீரில் நாமக்கோழிகள் மூழ்கி எழும், நீர்க்காகம் முக்குளிக்கும். மிதக்கும் இலைகள் படர்ந்த இடத்தில் இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி அமிழாமல் நடக்கும். கரையில் வளர்ந்த கருவேல மரத்தடியில் பத்தடி இடைவெளியில் இரண்டு வேறு உலகங்கள். ஒரே மதகுப் பலகையை ஏற்றி இறக்குவதில் ஒரு பறவைக்கு வீடு கிடைக்கிறது, இன்னொரு பறவைக்கு வீடு போகிறது. வண்டியில் விரைந்து போகிறவனுக்கு இந்த வேறுபாடு தெரியுமா? சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்குத் தெரியுமா? நடப்பவனுக்குத் தெரியும். மதகு பழுதானால் அவனுக்குத் தெரியும். கரை அரித்தால் அவனுக்குத் தெரியும். நீர் இறங்கினால் அவனுக்குத் தெரியும்.

நடைக்கு என்ன வலிமை என்பதற்கு முதல் சான்று, இங்கே மனிதன் எதற்காக வந்தான் என்ற வரலாறு. 1902இல் வைசிராய் கர்சன் பிரபுவின் வருகையை ஒட்டி முறையான வாத்து வேட்டை இங்கே தொடங்கியது. கரைகள் அப்போதும் இருந்தன. அவை துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் இடமாக இருந்தன. கோயிலுக்கு அருகில் இன்றும் ஒரு கல்வெட்டு நிற்கிறது. எந்தத் தேதியில், எந்தப் பிரபுவின் வருகைக்காக, எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்று வரிசை வரிசையாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1938 நவம்பர் 12 அன்று, லின்லித்கோ பிரபு வைசிராயாக இருந்த காலத்தில், ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273. விடுதலைக்குப் பிறகு இந்த நீரை வயலுக்குத் திருப்பி நிலத்தை உழுவதற்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அதை எதிர்த்து வாதாடினார். 1956இல் இது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. ஆனாலும் கடைசிப் பெரிய வேட்டை 1964இல் நடந்தது; மன்னருக்கு வேட்டையுரிமை 1972 வரை நீடித்தது. 1981இல் பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையில் இடம்பெற்ற ஈரநிலம், 1982இல் தேசியப் பூங்கா, 1985இல் உலகப் பாரம்பரியக் களம். அதே கரை, அதே கருவேலமரம், அதே வாத்து. கரைமேல் நிற்பவன் கையில் இருந்த துப்பாக்கி போய்த் தொலைநோக்கி வந்தது. கல்வெட்டில் எண்ணப்பட்டவை செத்த பறவைகள்; இன்று கரையில் நின்று எண்ணப்படுபவை உயிருள்ள பறவைகள். ஆளைத் துரத்தாமல் ஆளின் நோக்கத்தை மாற்றினால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாவது சான்று கசப்பானது. ஆயினும் சொல்லியாக வேண்டும். தேசியப் பூங்கா என்று ஆன கையோடு, 1982 நவம்பரில், சுற்றுக் கிராமத்து மக்களின் எருமைகளும் மாடுகளும் உள்ளே மேயக் கூடாது என்று தடை வந்தது. பூங்காவைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரச் சுவர் ஏற்கெனவே எழுந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்கள் திரண்டார்கள். காவல்துறையோடு மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அத்தனை விலை கொடுத்துப் பறவைகளுக்கு என்ன கிடைத்தது? எருமை மேயாத நீரில் ஒரு வகைப் புல் பாய் விரித்தாற்போல் படர்ந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. நீந்தவும் இரை தேடவும் இடமில்லாமல் நீர்ப்பறவைகள் திணறின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் 1980களில் பல ஆண்டுகள் அங்கேயே தங்கி ஆராய்ந்து, மேய்ச்சலை அடியோடு நிறுத்தியது ஈரநிலத்துக்குக் கேடாக முடிந்தது என்று எடுத்துக்காட்டினார்கள். மேய்ச்சலைக் குறை கூறி வந்தவர்கள் தரப்பிலிருந்தே இந்த முடிவு வந்தது என்பது கவனிக்கத்தக்கது. இதைச் சொல்வதால் எருமைகளைக் கட்டுப்பாடின்றி அவிழ்த்து விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அளவோடு விட்டிருந்தால், எங்கே, எப்போது, எத்தனை என்று மேய்ப்பவனோடு உட்கார்ந்து பேசியிருந்தால், உயிரும் போயிருக்காது, நீரும் மூடியிருக்காது. நாள்தோறும் கரையில் நடந்தவனை ஒரே ஆணையில் வெளியேற்றினோம். அவனோடு அந்த நிலத்தைப் பற்றிய அறிவும் வெளியேறியது.

மூன்றாவது சான்று, அங்கே இன்று நடைமுறையில் உள்ள ஒழுங்கு. நுழைவாயிலுக்குச் சற்றுத் தொலைவில் சாந்தி குடீர் என்ற இடம் வரைதான் தனியார் வண்டிகள் போகலாம். அதற்கு மேல் நடை, மிதிவண்டி, ரிக்‌ஷா. ரிக்‌ஷா ஓட்டுபவர்களுக்கு வனத்துறை பயிற்சி கொடுத்து, அவர்களை வழிகாட்டிகளாகவும் ஆக்கியிருக்கிறது. எந்தக் கிளையில் ஆந்தை பகலில் தூங்கும், எந்த வளை வாயில் குளிர்காலக் காலை வெயிலுக்கு மலைப்பாம்பு சுருண்டு கிடக்கும், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் எந்தப் பாத்தியில் இறங்கும் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இந்த அறிவு ஓடும் வண்டியில் விளைந்ததா? மெல்ல உருளும் சக்கரத்திலும் நின்று நின்று நடக்கும் காலிலும் விளைந்தது. அந்த அறிவே அவர்களுக்குச் சோறு போடுகிறது. பறவை இருந்தால் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். ஓர் ஈரநிலத்துக்கு இதைவிட உறுதியான காவலை எந்தச் சட்டம் கொடுக்க முடியும்?

இனி மறுப்புகளைப் பார்ப்போம். மறுப்புகளைக் கேட்காமல் நகரும் வாதம் பாதி வாதம்தான். முதல் மறுப்பு: மனிதர் நடந்தால் பறவைகள் அஞ்சாவா? அஞ்சும். தாறுமாறாக நடந்தால், கத்தினால், கரையை விட்டுச் சேற்றில் இறங்கினால் நிச்சயம் அஞ்சும். ஆனால் பறவை அஞ்சுவது எதை? எங்கிருந்து வருவான், எங்கே போவான் என்று கணிக்க முடியாத ஆளை. ஒரே கோட்டில், ஒரே வேகத்தில், நாள்தோறும் கடந்து போகும் மனிதர்களுக்குப் பறவைகள் பழகிவிடுகின்றன. அதோடு, கூடு கட்டும் கருவேல மரங்கள் தண்ணீருக்கு நடுவே மேடுகளில் நிற்கின்றன. கரைக்கும் மரத்துக்கும் இடையே நீரே வேலி. நம் வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர் உட்காரலாம், வாசற்படி தாண்ட மாட்டார். அந்த ஈரநிலத்துக்குக் கரை அப்படிப்பட்ட திண்ணை. மழை முடியும் தறுவாயில் நாரைகள் குஞ்சு பொரிக்கும்போது கூடுகளை ஒட்டிய கரை எதையேனும் மூட வேண்டுமானால் மூடட்டும். எல்லாக் கரைகளும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது என் வாதம் இல்லை. திறந்த கரை ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. சைபீரியக் கொக்குகள் எங்கே போயின? வெண்பனி நிறமும் சிவந்த முகமும் கொண்ட அந்தக் கொக்குகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து குளிர்காலத்தைக் கழிக்கப் பரத்பூருக்கு வந்தன. 1960களில் இருநூறளவு இருந்தவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 2002ஆம் ஆண்டோடு வரத்து நின்றுபோயிற்று. கடைசியாக வந்தது ஒரே ஓர் இணை. நடைபாதை அவற்றைக் காத்ததா? காக்கவில்லை. அவை பறந்து வந்த வழியெங்கும் வேட்டையும் நீர்நிலைகளின் அழிவும் காத்திருந்தன. பரத்பூரின் கரையில் நடந்தவர்களால் வழியில் உள்ள நாடுகளில் எதையும் தடுக்க முடிந்திருக்காது. எல்லா நோய்க்கும் பாதையே மருந்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் ஒரு பறவையினம் வருவது நின்றது என்பதை ஆண்டு ஆண்டாக எண்ணி அறிந்தோமே, எப்படி அறிந்தோம்? கரையில் நின்று ஒவ்வொரு குளிர்காலத்திலும் எண்ணியவர்கள் இருந்ததால். எண்ணுவார் இல்லாத இடத்தில் இனங்கள் ஓசையில்லாமல் அழிகின்றன. அழிந்தது என்ற செய்தியே யாருக்கும் வருவதில்லை.

மூன்றாவது மறுப்பு, நேரடியானது. ஐயா, பரத்பூரின் சிக்கல் தண்ணீர். பாதை போட்டால் தண்ணீர் வருமா? நியாயமான கேள்வி. கம்பீர் ஆற்றின் மேல்பகுதியில், கரௌலி மாவட்டத்தில், பாஞ்சனா அணை எழுந்த பிறகு அஜான் கரைக்கு வரும் வெள்ளம் தளர்ந்தது. பூங்காவுக்கு ஓராண்டுக்கு ஏறத்தாழ 550 மில்லியன் கன அடி நீர் வேண்டும். 2004ஐ ஒட்டிய வறண்ட ஆண்டுகளில் பாத்திகள் வெடித்துக் கிடந்தன. நாரைகள் கூடு கட்ட வரவில்லை. அணைப்பகுதி உழவர்கள் தங்கள் வயலுக்கு வேண்டிய நீரைப் பறவைக்கு ஏன் விட வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. பசித்தவனிடம் கொக்கைக் காட்டி வாயை அடைக்க முடியாது. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. ஆனால் ஆற்று வெள்ளம் வரும்போது மீன்குஞ்சும் உடன் வரும். குழாய் நீரில் அந்தச் செழிப்பு இல்லை. அப்படியானால் பாதைக்கு இதில் என்ன பங்கு? தண்ணீர்ப் பங்கீடு கடைசியில் அரசியல். அரசியலில் குரல் உள்ளவனுக்கே பங்கு கிடைக்கும். உழவனுக்குக் குரல் உண்டு, நகரத்துக்குக் குரல் உண்டு, தொழிற்சாலைக்குக் குரல் உண்டு. நாரைக்குக் குரல் கொடுப்பது யார்? கரையில் நடந்து, வெடித்த சேற்றைக் கண்ணால் பார்த்த வழிகாட்டியும், ரிக்‌ஷா ஓட்டுபவரும், விடுதி நடத்துபவரும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும்தான். பாதை தண்ணீரைக் கொண்டுவராது. தண்ணீரைக் கேட்கும் மக்களைக் கொண்டுவரும். கேட்கும் மக்கள் இல்லாத நீர்நிலைக்கு எந்த அணையின் மதகும் திறக்காது.

நான்காவது மறுப்பு: நடை என்றால் முதியவரும் நடக்க இயலாதவரும் என்ன செய்வார்கள்? உள்ளூர் ஏழைகளுக்கு இதில் என்ன பங்கு? முதல் பாதிக்கு விடை அங்கேயே இருக்கிறது: ரிக்‌ஷா. நடையின் வேகத்தில் ஓசையின்றிப் போகும் எந்த ஊர்தியும் நடையின் தோழன். இரண்டாம் பாதிக்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. நம் தமிழ்நாட்டுக் கண்மாய்களையும் ஏரிகளையும் உறிஞ்சும் அதே சீமைக்கருவேலம் கேவலாதேவிலும் புகுந்து பரவியது. அதை வெட்டி அகற்றும் வேலையில் சுற்றுக் கிராமங்களின் குழுக்களையே ஈடுபடுத்தினார்கள். விறகை அந்த மக்கள் எடுத்துக்கொண்டார்கள். நிலம் பூங்காவுக்குத் திரும்பியது. 1982இல் சுவருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஊர்கள்தான் அவை. அரிவாளோடு அவர்கள் உள்ளே நடந்து வந்தபோது காடு அழியவில்லை, மீண்டது. எதை வெட்டலாம், எதை விடலாம், எவ்வளவு எடுக்கலாம் என்ற உடன்பாடு இருந்தால் அண்டை வீட்டுக்காரனே நல்ல காவலன் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

அன்பர்களே, இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன முடிவு கிடைக்கிறது? ஈரநிலத்தின் பாதையைச் சுற்றுலாத் துறையின் அலங்காரமாக நினைப்பதை நிறுத்த வேண்டும். நிதி ஒதுக்கும்போது முதலில் வாயில் வளைவுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கரைக்குக் கொடுப்பது தலைகீழ். கரைக்கு முதலில் கொடுங்கள். கரை உறுதியானால் நீர் நிற்கும். நீர் நின்றால் பறவை வரும். பறவை வந்தால் மனிதன் நடந்து வருவான். நடப்பவன் கரையைப் பார்த்துக்கொள்வான். இந்தச் சுழற்சியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை அறும். எனவே நான் கேட்பவை நான்கு. எந்த ஈரநிலத்திலும் ஒரு கரையாவது மக்கள் நடக்கத் திறந்திருக்கட்டும். இயந்திர வண்டி அந்தக் கரையில் ஏறவே கூடாது. வழி காட்டும் வேலை உள்ளூர் மக்களுக்கே முதலில் கிடைக்கட்டும். எந்தக் கரையை எப்போது மூடுவது, எந்தப் பாத்தியில் எவ்வளவு நீர் நிறுத்துவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அங்கே நடப்பவர்களும் உட்காரட்டும்.

சுவர் எழுப்புவது எளிது. ஒப்பந்தக்காரர் ஆறு மாதத்தில் கட்டிக் கொடுப்பார். சாலை போடுவது அதைவிட எளிது. மனிதரை நீர்நிலையின் ஓரத்தில் அடக்கத்தோடும் உரிமையோடும் நடக்கப் பழக்குவது கடினம், காலம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆனால் பரத்பூர் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கற்க அது கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். பரத்பூர் விலை கொடுத்துக் கற்றதை நாம் விலை கொடுக்காமலே கற்கலாம். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் ஏரிக்கரையில் நின்றுதான் பறவைகளைப் பார்க்கிறார்கள்; கரைமேல் நின்று காக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. இந்த மண்டபத்தை விட்டு வெளியே போனதும் உங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கரை கரையாக இருக்கிறதா, மதகு மதகாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பஞ்சாயத்தைக் கேளுங்கள், பொதுப்பணித் துறையைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். நடப்பவர்கள் பெருகினால் கேட்பவர்கள் பெருகுவார்கள். கேட்பவர்கள் பெருகினால் நீர் நிற்கும்.